பகை நாட்டு சுகாதார அதிகாரியோடு பெருந்தொற்றுக் காலத்தில் வேலை செய்வது எப்படி

அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரம் எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. மேசையில் ஒரு தொலைபேசியும் பழைய கோப்பு ஒன்றும் இருந்தன. கோப்பின் முதல் பக்கத்தில், எங்களோடு பல ஆண்டுகளாக முறுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு நாட்டின் நோய்க் கண்காணிப்புப் பிரிவு எண். கடைசியாக அதற்கு அழைத்தது ஆறு ஆண்டுகளுக்கு முன்பு என்று யாரோ பென்சிலில் குறித்திருந்தார்கள். இரண்டு மாதத்தில் பெருந்தொற்று வந்துவிட்டது. அதன்பின் மூன்று ஆண்டுகள் அந்த எண்தான் என் வேலையில் பாதி. இனி இதே வேலைக்கு வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொலைபேசியைக் கையில் எடுக்கும் முன் ஒரு கேள்வியை யோசித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் பேசுபவர் உங்களிடம் உண்மையைச் சொன்னால் அவருக்கு என்ன ஆகும்? மேலதிகாரி கூப்பிட்டு விசாரிப்பார். பத்திரிகையில் துரோகி என்று எழுதுவார்கள். அவருடைய நாட்டின் ஏற்றுமதி படுத்துவிடலாம். இது என் கற்பனை இல்லை. 1991இல் பெரு காலராவை வெளிப்படையாக அறிவித்தது. அதன் மீனை வாங்க ஆளில்லாமல் போனது. 2021 நவம்பர் 24 அன்று தென் ஆப்பிரிக்கா புதிய கொரோனா திரிபு ஒன்றைக் கண்டுபிடித்து உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தது. இரண்டே நாளில் அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வைத்தார்கள், அதே வேகத்தில் பல நாடுகள் அங்கிருந்து வரும் விமானங்களுக்குக் கதவை அடைத்தன. முதலில் வாய் திறந்தவருக்குத்தான் முதல் அடி. இதை உலகத்தில் எல்லா நோய்க் கண்காணிப்பு அதிகாரிகளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதனால் உங்கள் வேலை என்னவென்று என்னைக் கேட்டால், அவர் உண்மையைச் சொல்வதற்குக் கொடுக்க வேண்டிய விலையைக் குறைப்பதுதான். நட்பும் நம்பிக்கையும் வந்தால் வரட்டும். அவை வரும்வரை நோய் காத்திருக்காது.

சின்ன நோயில் தொடங்குங்கள்

பெருந்தொற்று நடுவில் முதல் அறிமுகம் செய்துகொள்வது மிகவும் கடினம். அமைதியான காலத்திலேயே ஏதாவது ஒரு சிறிய, யாருக்கும் மானப் பிரச்சினை ஆகாத நோயை எடுத்துக்கொண்டு தகவல் பரிமாறப் பழகுங்கள். 2003இல் இஸ்ரேல், ஜோர்டான், பாலஸ்தீன சுகாதார அதிகாரிகள் ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார்கள். எடுத்த எடுப்பில் அவர்கள் கையில் எடுத்தது உணவு வழியே பரவும் சால்மொனெல்லாவும் ஷிகெல்லாவும். வயிற்றுப்போக்குக் கிருமியைப் பற்றிப் பேசியதற்காக எந்த அமைச்சருக்கும் கோபம் வராது. ஆய்வக முறைகளை ஒன்றாக்கினார்கள், சேர்ந்து பயிற்சி எடுத்தார்கள், ஒருவர் குரல் இன்னொருவருக்குப் பழகியது. 2009இல் பன்றிக்காய்ச்சல் வந்தபோது அழைக்க வேண்டிய ஆள் யார் என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை.

அப்படி ஒரு அமைப்பு உங்களிடம் இல்லை என்றாலும் ஒரு பிடி ஏற்கனவே இருக்கிறது. 2003இல் சார்ஸ் உலுக்கியெடுத்த பிறகு திருத்தி எழுதிய சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள் 2007 ஜூனில் நடைமுறைக்கு வந்தன. ஒவ்வொரு நாட்டுக்கும் எந்நேரமும் அணுகக்கூடிய ஒரு தேசியத் தொடர்பு மையம் இருக்க வேண்டும்; எல்லை தாண்டிக் கவலைப்பட வேண்டிய நிகழ்வு என்று மதிப்பிட்டதும் 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதைக் கடமைப் பட்டியலாக மட்டும் படிக்காதீர்கள். இது உங்கள் எதிர்த்தரப்பு அதிகாரிக்குக் குடை. "அந்த நாட்டுக்காரர் கேட்டார், கொடுத்தேன்" என்று அவரால் தன் அலுவலகத்தில் சொல்ல முடியாது. "விதியில் இருக்கிறது, கொடுத்தேன்" என்று சொல்லலாம். ஆகவே நான் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியில் எந்த விதியின்படி கேட்கிறேன் என்று குறிப்பிடுவேன். அந்த வரி அவருக்கானது இல்லை. அவருடைய கோப்பைப் பிறகு புரட்டப்போகிறவருக்கானது.

உங்கள் பக்கத்திலும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் குறுகலாக. எங்கள் அனுமதிக் கடிதம் ஒரே பக்கம். நோயாளி எண்ணிக்கை, அறிகுறி தொடங்கிய தேதி, வயதுப் பிரிவு, ஆய்வக முடிவு, மரபணு வரிசை. இவ்வளவுதான் பேசலாம். நோயாளியின் பெயர், ராணுவ மருத்துவமனைகள், மருந்துக் கையிருப்பு, அரசியல், எதுவும் கூடாது. குறுகலான அனுமதி கையைக் கட்டிப்போடும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அதுதான் என்னைக் காப்பாற்றியது. அழைப்பில் எப்போதும் இரண்டு பேர் இருங்கள். பேசி முடித்த அன்றே குறிப்பு எழுதி இரண்டு பக்கத்துக்கும் அனுப்புங்கள். தனியாகப் பேசும் பழக்கம் வந்துவிட்டால், நாளைக்கு ஏதாவது கசிந்தது என்றால் முதலில் உருளுவது அவருடைய தலை.

அட்டவணையில் தலைப்பு வரிக்கே பாதி நேரம் செலவிடுங்கள்

நான் கற்றுக்கொண்டதில் விலை உயர்ந்த பாடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெருந்தொற்றின் முதல் ஆண்டு ஏப்ரலில் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அவர்களிடமிருந்து முதல் எக்செல் கோப்பு வந்தது. 41 நோயாளிகள், 41 வரி. எங்கள் அலுவலகத்தில் அதை உடனே வரைபடமாக்கினார்கள். அறிகுறி தொடங்கிய தேதி ஜனவரியில் ஒரு கொத்து, பிப்ரவரியில் ஒரு கொத்து, மார்ச்சில் ஒரு கொத்து. பக்கத்து மேசையில் இருந்த சக அதிகாரி அமைச்சருக்கு அனுப்பக் குறிப்பே எழுதிவிட்டார்: "மூன்று மாதமாக நோயை மறைத்திருக்கிறார்கள்." கையெழுத்துக்காக என் முன்னால் வைத்தார். எனக்கும் அடிவயிறு கலங்கியது, கோபமும் வந்தது. பேனாவைத் திறந்தேன்.

அப்போதுதான் வரைபடத்தின் அடியில் இருந்த தேதிகளைப் படித்தேன். ஜனவரி 4. பிப்ரவரி 4. மார்ச் 4. இடையில் ஒருவர்கூட இல்லை. மாதாமாதம் 4ஆம் தேதி மட்டும் காய்ச்சல் எப்படித் தொடங்கும்? கோப்பைத் திறந்து பார்த்தால் 04/01, 04/02, 04/03 என்று இருந்தது. நள்ளிரவில் அவருக்கு அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார், அவரும் தூங்கவில்லை. "தேதியில் முன்னால் இருப்பது நாளா, மாதமா?" என்று மட்டும் கேட்டேன். "மாதம்," என்றார். ஏப்ரல் 1, 2, 3. மூன்றே நாளில் வந்த 41 நோயாளிகள். மறைப்பது இருக்கட்டும், நோய் கண்ட அதே வாரத்தில் அனுப்பியிருக்கிறார்.

அந்தக் குறிப்பு மேலே போயிருந்தால் அதற்குப் பிறகு அந்த எண்ணை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது. மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம்: தேதியில் மாதத்தை எண்ணால் எழுதக் கூடாது, பெயரை எழுத்தில் எழுத வேண்டும்.

தேதி மட்டும் போதாது. "நோயாளி" என்றால் யார் என்பதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். 2020 பிப்ரவரி 12 அன்று சீனாவின் ஹூபே மாகாணம் ஒரே நாளில் 14,840 புதிய நோயாளிகளைக் காட்டியது. நோய் ஒரே இரவில் வெடித்துவிடவில்லை. அதுவரை பரிசோதனையில் உறுதியானவர்களை மட்டும் எண்ணினார்கள். அன்றிலிருந்து மருத்துவர் பார்த்துக் கண்டறிந்தவர்களையும் சேர்த்தார்கள். அந்த வகையில் மட்டும் 13,332 பேர். வரையறை மாறியதைப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்குப் பொய்யும் பேரழிவும்தான் தெரிந்தன. ஆகவே அட்டவணையில் ஒரு கட்டம் "எந்த வரையறை, எந்தத் தேதியிலிருந்து" என்பதற்காகவே இருக்கட்டும். "இறந்தவர்" என்பதையும் அப்படியே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்: நோயால் இறந்தவரா, நோயோடு இறந்தவரா? பிசிஆர் பரிசோதனையின் சிடி மதிப்பை (மாதிரியில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தோராயமாகக் காட்டும் எண்) இரு நாட்டு ஆய்வகங்களுக்கு நடுவே நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். கருவியும் வேதிப்பொருளும் மாறினால் அந்த எண்ணும் மாறும்.

எண் உங்களுக்கு உதைத்தால் "ஏன் இப்படி?" என்று கேட்காதீர்கள். "இதை நாங்கள் எப்படிப் படிக்க வேண்டும்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர் தற்காப்புக்குப் போகாமல் பதில் சொல்ல முடியும்.

மாதிரி அனுப்பும் முன் காலிப் பெட்டியை அனுப்புங்கள்

எண்ணைப் பகிர்வதைவிட வைரஸ் மாதிரியைப் பகிர்வது பத்து மடங்கு சிக்கல். அதற்குக் காரணம் வெறும் சந்தேகம் இல்லை. 2007இல் இந்தோனேசியா தன் பறவைக்காய்ச்சல் மாதிரிகளை வெளியே கொடுக்க மறுத்தது. மாதிரி எங்களிடமிருந்து போகிறது, அதிலிருந்து செய்யும் தடுப்பூசியை வாங்க எங்களால் முடியவில்லை என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம் என்றே நினைக்கிறேன். அதிலிருந்துதான் 2011இல் இன்ஃபுளுவென்சா மாதிரிகளையும் அதன் பலன்களையும் பகிர்வதற்கான உலகளாவிய ஏற்பாடு பிறந்தது. 2025 மே 20 அன்று உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட பெருந்தொற்று உடன்படிக்கையும் இந்த முடிச்சை அவிழ்க்காமல் தனி இணைப்பாகப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது. எனவே "கொடுங்கள்" என்று தொடங்காதீர்கள். அவர்களுக்கு என்ன திரும்பக் கிடைக்கும் என்பதை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்: ஆய்வு முடிவு எத்தனை நாளில், கட்டுரையில் யார் பெயர் முன்னால், மாதிரி மூன்றாம் கைக்குப் போகுமா போகாதா.

பிறகு நடைமுறை. நோயாளியின் சளி மாதிரிகள் பொதுவாக யுஎன் 3373 என்ற வகையில் போகும் (ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. தரும் எண் இது). ஆய்வகத்தில் வளர்த்த கொரோனா வைரஸ் என்றால் அதைவிடக் கடுமையான யுஎன் 2814. மூன்றடுக்குப் பொதி. டிரை ஐஸுக்கு (உறைந்த கரியமில வாயு) தனி லேபிள், யுஎன் 1845. டிரை ஐஸ் மைனஸ் 78 டிகிரி. ஆனால் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், சுங்கத்தில் யாராவது ஒரு முத்திரைக்காகப் பெட்டியை நிறுத்தினால் அதற்காக அது நிற்காது. எங்கள் முதல் பெட்டி இறக்குமதி அனுமதியில் ஒரு எழுத்துப் பிழைக்காக நான்கு நாள் கிடந்தது. உள்ளே வைத்திருந்த வெப்பநிலைப் பதிவுக் கருவியை எடுத்துப் பார்த்தால் மூன்றாம் நாள் மதியத்திலிருந்து கோடு மேலே ஏறிக்கொண்டே போயிருந்தது. நல்லவேளையாக உள்ளே இருந்தது வெறும் தண்ணீர்க் குழாய்கள். ஒத்திகைக்காக அப்படி அனுப்பச் சொன்னவர் அந்தப் பக்கத்து அதிகாரிதான். எந்த வாசலில் பெட்டி நிற்கும், எந்தக் காகிதம் குறையும் என்பதை அந்த ஒத்திகை காட்டிக் கொடுத்தது. உண்மையான மாதிரிகள் 30 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தன.

பெட்டியே போக முடியாத நிலை என்றால் மரபணு வரிசையை அனுப்பலாம். 2020 ஜனவரியில் சீன அறிவியலாளர் ஜாங் யோங்ஜென்னின் குழு கொரோனாவின் மரபணு வரிசையை ஆஸ்திரேலியாவில் இருந்த எட்வர்ட் ஹோம்ஸ் வழியாக இணையத்தில் வெளியிட்டது. சில நாளில், ஜனவரி 13 அன்றே, பெர்லினில் உருவான பிசிஆர் முறையை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டுவிட்டது. ஒரு குழாய்கூட எல்லையைத் தாண்டத் தேவைப்படவில்லை.

ஒருவர் முடிவை இன்னொருவர் நம்பவில்லை என்றால் வாக்குவாதத்தில் இறங்காதீர்கள், மூன்றாம் கண்ணைக் கூப்பிடுங்கள். இரண்டு நாட்டுக்கும் பொதுவான ஒரு ஆய்வகத்திடம், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் ஒரே மாதிரித் தொகுப்பை இருவருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். விடை பொருந்தினால் பேச்சு முடிந்தது. இந்த வழி புதிதில்லை. 1959இல் சோவியத் யூனியனில் மிகயீல் சுமகோவ், அமெரிக்கரான ஆல்பர்ட் சேபினின் போலியோ சொட்டு மருந்தைப் பல லட்சம் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். பனிப்போரின் உச்சம். சோவியத் எண்களை அமெரிக்காவில் பலர் நம்பத் தயாராக இல்லை. உலக சுகாதார நிறுவனம் யேல் பல்கலைக்கழகத்தின் டோரதி ஹார்ஸ்ட்மனை நேரில் அனுப்பியது. அவர் ஆய்வகம் ஆய்வகமாகப் போய்ப் பார்த்து, வேலை ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். வாசலைத் திறந்துவிட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. உங்கள் ஆய்வகத்தை அவர்கள் வந்து பார்க்கட்டும் என்று முதலில் நீங்களே சொல்லுங்கள்.

பெயரும் பெருமையும்

இது சின்ன விஷயம் போலத் தோன்றும். பல மாத உழைப்பை ஒரே வாக்கியத்தில் கவிழ்த்துவிடக்கூடியது இது.

நோய்க்கோ திரிபுக்கோ ஊர்ப் பெயரை, நாட்டின் பெயரைச் சொல்லாதீர்கள். உள் கூட்டங்களில்கூட வேண்டாம். புதிய நோய்களுக்கு இடப்பெயர் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே வழிகாட்டியது. 2021 மே 31 முதல் கொரோனா திரிபுகளுக்குக் கிரேக்க எழுத்துகளைக் கொடுத்தது. உள் கூட்டத்தில் வாய்க்குப் பழகிய சொல்தான் வெளியே செய்தியாளர் முன்னால் தவறி விழும்.

செய்தி அறிக்கை என்றால் இருவருக்கும் ஒரே வாசகம், ஒரே நேரம். கண்டுபிடித்தது அவர்கள் என்றால் அவர்கள் முதலில் வெளியிடட்டும், நாம் அரைமணி நேரம் பொறுக்கலாம். எங்கள் செய்திப் பிரிவு ஒருமுறை "எங்கள் தொடர் வற்புறுத்தலுக்குப் பிறகு" என்று ஒரு வரி சேர்த்திருந்தது. அதை எடுக்கவைக்க நான் மூன்று அறை ஏறி இறங்கினேன். கடைசியில் இருந்த வாசகம், "இரு நாட்டு ஆய்வகங்களும் ஒரே முடிவை எட்டின." அவர் அந்த அறிக்கையைத் தன் மேலதிகாரியிடம் பயமில்லாமல் காட்ட முடிந்தது.

மரியாதை கொடுப்பதில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் ஒருவர் விக்டர் ஸ்தானோவ், சோவியத்தின் துணை சுகாதார அமைச்சர். 1958இல் உலக சுகாதாரப் பேரவை அமெரிக்காவின் மினியாபொலிஸில் கூடியது. பெரியம்மை நோயை உலகத்திலிருந்தே ஒழிக்கலாம் என்று அவர் அங்கே முன்மொழிந்தார். பேச்சில் அவர் எடுத்துக்காட்டியது அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சன், பெரியம்மைத் தடுப்பூசியைக் கண்டுபிடித்த எட்வர்ட் ஜென்னருக்கு எழுதிய கடிதத்தை: வருங்காலத் தலைமுறைகள் இந்த நோயை வரலாற்றில் மட்டும்தான் அறியும் என்ற வரி. எதிரியின் மண்ணில் நின்று, எதிரியின் மூதாதையை மதிப்போடு சாட்சிக்கு அழைத்தார். பின்னர் சோவியத் நூறு கோடிக்கும் மேலான தடுப்பூசி அளவுகளைக் கொடுத்தது; திட்டத்தை 1967 முதல் நடத்தியவர் டி.ஏ. ஹெண்டர்சன் என்ற அமெரிக்கர். 1980 மே மாதம் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று பேரவை அறிவித்தது. முதல் கூட்டத்துக்குப் போகும் முன் அந்த நாட்டு மருத்துவர்கள் உலகத்துக்குக் கொடுத்தது என்ன என்று படித்துவிட்டுப் போங்கள். படிக்க நிறையவே இருக்கும்.

உதவிப் பொருள்

இதில் சுருக்கமாக: கேட்டதை மட்டும் அனுப்புங்கள், பிளக்கைப் பார்த்து அனுப்புங்கள். 2020 ஏப்ரலில் ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்கு விமானத்தில் வென்டிலேட்டர்கள் போயின. இரு நாட்டு மின்னழுத்தமும் வேறு என்பதால் அவற்றை அப்படியே பயன்படுத்த முடியவில்லை. மின்னழுத்தம், பிளக், ஆக்சிஜன் குழாயின் இணைப்பு அளவு, கருவியின் திரையில் எந்த மொழி, உதிரிபாகம் எங்கே கிடைக்கும்: ஐந்தையும் ஒரு தாளில் கேட்டு வாங்கிவிட்டு அனுப்புங்கள். நேராகக் கொடுத்தால் வாங்க அவர்களுக்குக் கூச்சம் என்றால் நடுவில் ஒருவரை வையுங்கள். 1985இல் எல் சால்வடோரில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட மூன்று நாள் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அரசுக்கும் போராளிகளுக்கும் இடையில் நின்று பேசியவர்கள் யுனிசெஃபும் கத்தோலிக்கத் திருச்சபையும்.

அந்தப் பக்கம் மௌனமானால்

ஆகும். எல்லையில் ஏதாவது நடக்கும், தூதரை வெளியேற்றுவார்கள், அன்றோடு அழைப்பை எடுக்க மாட்டார்கள். அவரைத் தப்பாக நினைக்காதீர்கள். தனிப்பட்ட எண்ணுக்கு அழைக்காதீர்கள், பொது நண்பர் மூலம் தூது விடாதீர்கள். அது அவருக்குத்தான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் தேசியத் தொடர்பு மையங்களுக்கென்று வைத்திருக்கும் பூட்டிய தளம் இருக்கிறது. அவசரமானதை அந்த நிறுவனத்திடம் கொடுத்து அதில் போடச் சொல்லுங்கள். மற்றபடி வழக்கமான நாளில், வழக்கமான நேரத்தில், உங்கள் பக்க அட்டவணையை அனுப்பிக்கொண்டே இருங்கள். கேள்வி சேர்க்க வேண்டாம், "பதிலுக்குக் காத்திருக்கிறோம்" என்ற வரியும் வேண்டாம்.

எங்களுக்கு அது இரண்டாம் ஆண்டில் நடந்தது. ஏழு செவ்வாய்க்கிழமைகள் நான் அனுப்பினேன், பதில் இல்லை. ஐந்தாவது வாரத்தில் இதை நிறுத்திவிடலாமே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் என்றேன். எட்டாவது செவ்வாய் காலை ஒரு கோப்பு வந்தது. கூட ஒரு வார்த்தைகூட இல்லை. திறந்தேன். விட்டுப்போன ஏழு வாரத்துக்கும் அவர்கள் பக்கத்து வரிகள் ஒன்று விடாமல் நிரம்பியிருந்தன. தேதிக் கட்டத்தில் மாதத்தின் பெயர் எழுத்தில் இருந்தது.